ரூபி பேரில் ஒரு பட்டா

நாகலூர் மாதப்பனிடம் யாரும் பட்டா என்று வாயெடுக்கக்கூடாது. எடுத்தால் போச்சு, அன்றைய வேலை அம்போதான். களத்தில் காப்பிக்கொட்டை காய்வதையும் மறந்து, மேகம் கறுப்பதையும் மறந்து, அப்பன் காலத்துக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவான். அப்பன் கல் பொறுக்கி, சில்வர் ஓக் நட்டு, மிளகுக்கொடி ஏற்றின ஒன்றரை ஏக்கர் அது. பட்டா எழுத சர்க்கார் ஆட்கள் அளக்க வந்த அன்றைக்கு அப்பன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் முன்னால் நின்று தன் பேரைச் சொன்னான், வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அந்த வேலியோரம் போகும்போது அப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தார்.

"பாடுபட்டவன் பேரு எழுத்துல இருக்கோணும். முழுப்பேரு இருக்கோணும், நாலு பக்கத்து எல்லையும் இருக்கோணும். மறைச்சு எழுதுனா அது திருட்டுச் சொத்து" என்பான். ஐம்பத்து நாலு வயசில் அவன் கற்றுவைத்திருந்த சட்டம் இந்த ஒன்றுதான். அதுதான் அவன் வீட்டில் கொள்ளிவைத்தது.

மாதப்பனுக்கும் அவன் பெண்சாதி குப்பாயிக்கும் பிள்ளை இல்லை. ஒரு ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் களம், பின்னால் சரிவில் இரண்டு ஏக்கர் காப்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசத்துச் சாரலில் ரூபி வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயசுப் பெண் ஹரிணி, தோளில் ஒரு துணிப்பை. திண்டுக்கல் பக்கம் என்றாள், காப்பிப்பழம் பறிக்க ஆள் வேணுமா என்று கேட்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று மாதப்பன் கேட்டதற்கு "இல்லைண்ணே" என்று மட்டும் சொன்னாள். செத்துப்போய்விட்டான்போல என்று அவன் நினைத்துக்கொண்டான். மேற்கொண்டு அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குப்பாயிதான் வீட்டை ஒட்டியிருந்த விறகுக் கொட்டகையைத் தட்டிமுட்டி ஒரு அறையாக்கிக் கொடுத்தாள்.

வந்தவளிடம் ஒரு கை இருந்தது பாருங்கள், அந்த மலையிலேயே யாருக்கும் இல்லாத கை. இரும்புப் பீப்பாயில் கொட்டையைப் போட்டு அடியில் சவுக்கு விறகு எரித்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்பாள். கொட்டை படபடவென்று வெடிக்கும். அது அடங்கி, இரண்டாவது வெடிப்பு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிவிடுவாள். ஒரு நாள்கூடக் கருகியதில்லை. அதுவரை பழத்தை மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, விலை சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த வீட்டில் இப்போது காப்பித்தூள் வாசம். ஏற்காட்டு ஏரிக்கரையில் ரஹமத்துல்லா பாய் கடையில் பொட்டலம் போட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்காது.

ஐப்பசியில் ஒரு பெங்களூர்க்கார அம்மாள் கடையில் நின்று, இந்தத் தூளுக்கு வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். பாய் அதை மாதப்பன் காதில் போட்டார். மாதப்பன் மறுநாளே முதல் பஸ்ஸைப் பிடித்து, கடைவீதியில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற பாயின் மகன் ரிஸ்வானிடம் போய் உட்கார்ந்துவிட்டான்.

"மொதல்ல நெட்டுல ஒரு பேரு வாங்கோணுமுங்கண்ணா" என்றான் ரிஸ்வான். "நாகலூர் ரூபி காப்பி டாட் காம். தேடிப் பாத்துட்டேன், காலியாத்தான் கெடக்குது."

"பொறம்போக்காட்டவா?"

"அப்புடியே வெச்சுக்கங்க. மொதல்ல எழுதறவங்களுக்குச் சொந்தம். வருசாவருசம் கட்டிப் புதுப்பிக்கோணும். ஒங்க பேர்ல போட்டறட்டுங்களா?"

"எம்பேர்ல எதுக்கு? வறுக்கறவ ரூபி. அவ பேர்லதான் போடோணும். நாளைக்கு நானே ஏமாத்த நெனைச்சாலும் முடியக்கூடாது, ஆமா."

ரூபி வந்த புதிதில் கொடுத்துவைத்த ஆதார் நகலைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்திருந்தான். அதில் அவள் முழுப்பேர் இருந்தது, ரூபி செங்கோல்மேரி. ரிஸ்வான் அதைப் பார்த்துத் தட்டினான். தட்டிவிட்டு ஒரு கட்டத்தில் நிறுத்தினான்.

"அண்ணா, இந்தப் பேரு, அட்ரஸ், போன் நெம்பரு எல்லாத்தையும் யாரு வேணுன்னாலும் நெட்டுல பாக்கலாம். சில கம்பெனிக்காரங்க தானாவே மறைச்சுருவாங்க. இவங்க நாம கேட்டாத்தான் மறைப்பாங்க. இங்க ஒரு டிக் போட்டாப் போதும். போட்டறட்டுங்களா?"

"எதுக்கு மறைக்கோணும்?"

"வெளம்பரக்காரங்க போன் போட்டு உசுரெடுப்பாங்க."

"எடுக்கட்டும். நாம என்ன கஞ்சாவா விக்கறம், பேர மறைக்கறதுக்கு? பட்டாவுல எவனாவது பேர மறைப்பானா? நீ எழுது தம்பி, நான் எல்லையச் சொல்றேன். நாகலூர் ஸ்கூல் ஸ்டாப்புக்கு எதுத்த சந்து. தண்ணி டேங்குக்கு மேக்க. சிமெண்டுக் களம் போட்ட ஓட்டு ஊடு. வாசல்ல பட்டர் ஃப்ரூட் மரம்."

"மரமெல்லாம் வேண்டாமுங்கண்ணா, எடம் பத்தாது."

"மரத்த உட்றாத. அதுதான் அடையாளமே."

ரிஸ்வான் சிரித்துக்கொண்டே மரத்தையும் சேர்த்தான். போன் நம்பராக மாதப்பனுடையதைப் போட்டான், ரூபியிடம்தான் போன் கிடையாதே. நாலு வருஷமாக ஒரு பெண் ஏன் போன் வேண்டாம் என்கிறாள், திருவிழாவில் யாராவது போட்டோ எடுத்தால் ஏன் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர்கிறாள் என்று மாதப்பன் ஒரு நாளும் யோசித்ததில்லை. கூச்ச சுபாவம் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். அந்த முடிவை நினைத்து நினைத்துப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டான் மனுசன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரூபியிடம் மூச்சுவிடக்கூடாது, அன்றைக்குக் காகிதத்தைக் கையில் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. குப்பாயியிடம்கூடச் சொல்லவில்லை.

ரிஸ்வான் சொன்னது மூன்றாம் நாளே நடந்தது. பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். எடுத்தால் இந்தி, இல்லாவிட்டால் இங்கிலீஷ். "ரூபி மேடம்?" என்பான் ஒருத்தன். மாதப்பன் "ராங் நெம்பருங்க சாமி" என்று மரியாதையாகச் சொல்லி வைப்பான். உள்ளூர அவனுக்குப் பெருமைதான். எங்கெங்கோ இருக்கிறவனெல்லாம் ரூபி பேரைச் சொல்கிறான் பார் என்று.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு போன் தமிழில் வந்தது. நல்ல பதவிசான குரல்.

"ரூபி காப்பிங்களா? நெட்டுல பாத்தேன். செங்கோல்மேரி அக்காவோட தூளுதானே?"

"ஆமாங்க, அவ வறுக்கறதுதான். நான் அவளுக்கு அண்ணனாட்டங்க."

"நல்லதுங்க. பாப்பா நல்லா இருக்காளா?"

கடையில் தூள் வாங்கும்போது பிள்ளையைப் பார்த்திருப்பார்போல என்று மாதப்பன் நினைத்தான். "அதுக்கென்னங்க, மூணாவது படிக்குது. நொம்பச் சூட்டிகை."

"மூணாவதா…" என்று இழுத்தது அந்தக் குரல். "பத்து கிலோ வேணும். நேர்ல வந்தே வாங்கிக்கறேன், கிறிஸ்துமஸ் கழிச்சு. வழி எப்படி?"

மாதப்பன் வழி சொன்னான். ஏற்காட்டில் எந்த இடத்தில் பஸ் நிற்கும், எத்தனை மணிக்குக் கிளம்பும், தவறினால் ஜீப் எங்கே கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். "காலைல வந்தீங்கன்னா ரெண்டு பேருமே இருப்பாங்க. வெயில் ஏறுனா ரூபி பழம் பறிக்கப் போயிருவா. வந்தா எங்கூட்டுலதான் சாப்புடோணும், ஆமா, சொல்லிப்புட்டேன்" என்று உபசாரமும் செய்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம். குப்பாயி களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள். ஹரிணி களத்தோரம் ஒரு காய்ந்த கிளையை நட்டு, மிட்டாய்க் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். மாதப்பன் கை கழுவிவிட்டு வந்து, ரிஸ்வான் அச்செடுத்துக் கொடுத்த காகிதத்தை ரூபியிடம் நீட்டினான்.

"இந்தா ரூபி. ஒம்பேர்ல பட்டா."

அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். வாசித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தட்டிலிருந்த களிக்குப் பக்கத்திலேயே தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இது எங்க இருக்குண்ணே?"

"நெட்டுல. ஒலகத்துல எவன் வேணுன்னாலும் பாக்கலாம். இனி ஒம்பேர ஒருத்தனும் அழிக்க முடியாது கண்ணு."

"எத்தன நாளா இருக்கு?"

"ஐப்பசிக் கடைசில போட்டது. ஏன், எழுத்துல எதாச்சும் தப்பா?"

குப்பாயி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ரூபியின் முகத்தை வாசிக்கத் தெரியும்.

"ஏனுங்க, என்ன காரியஞ் செஞ்சு போட்டீங்க?"

"நல்லதுதான புள்ள செஞ்சேன்?"

"அவ புருசன் சாவலீங்க. உசுரோடதான் இருக்கறான். அவங்கிட்ட இருந்து ஓடியாந்து ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறாளுங்க இவ. முதுகுல பாத்தீங்கன்னா தெரியும், தேய்ப்புப்பொட்டி வெச்ச தழும்பு. புள்ளையக் கெணத்துக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, போடட்டுமா போடட்டுமான்னு கேட்டவன் அவன்."

"நீ ஏம் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்குளுக்குத்தான் ஒன்ன மறைக்கத் தெரியாதே. கேக்கறவனுக்கெல்லாம் சொல்லிப்போடுவீங்கன்னுதான் சொல்லல."

மாதப்பனுக்கு அப்போதுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. பாப்பா நல்லா இருக்காளா. வாய் குழற அதைச் சொன்னான். எந்த பஸ், எத்தனை மணி, எந்த மரம் என்று தான் சொன்னதையெல்லாம் சொன்னான்.

"செங்கோல்மேரின்னா கூப்பிட்டான்?" என்று மட்டும் கடைசியில் ரூபி கேட்டாள். "மெல்வின்தாண்ணே. அவன் ஒருத்தந்தான் அந்தப் பேரச் சொல்லுவான்."

அங்கிருந்தே ரிஸ்வானுக்குப் போன் போட்டார்கள். அதை அழித்துவிடு என்று மாதப்பன் கத்தினான். ரிஸ்வான் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டான். "மறைச்சரலாமுங்கண்ணா. ஆனா பிரயோசனமில்ல. பழசை நகல் எடுத்து வெச்சுக்கறதுக்குன்னே சைட்டுங்க இருக்குது. மூணுல பாத்துட்டேன், மூணுலயும் இருக்குது. பட்டர் ஃப்ரூட் மரத்தோட இருக்குது." அவன் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போயிரலாம் ரூபி. எழுதிக் குடுத்துரலாம்."

"எழுதிக் குடுத்தா மொதல்ல அட்ரஸ்தாண்ணே கேப்பாங்க" என்றாள் ரூபி. "விடுங்க. நீங்க நல்லதுதான் நெனச்சீங்க."

திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சொல்லை மாதப்பனால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் மரத்தடியில் நின்று தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் காய்கறி ஏற்றிக்கொண்டு சேலம் இறங்குகிற ஜீப்பில் ரூபியும் ஹரிணியும் ஏறினார்கள். எங்கே போகிறாய் என்று மாதப்பன் கேட்டான். ரூபி தலையை ஆட்டினாள். "வேண்டாண்ணே. ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்." ஹரிணி மட்டும், நட்டுவைத்த கிளையைப் பிடுங்கிவிடாதே அத்தை என்று குப்பாயியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவசரத்தில் கொடியில் காய்ந்த ஒரு நீலப் புடவையையும் ஹரிணியின் பள்ளிக்கூடப் பாவாடை சட்டையையும் மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மெல்வின் வந்தான். மஞ்சு இறங்கிக் களமே தெரியாத காலை நேரம். வெள்ளைச் சட்டை, ஒட்ட வாரிய தலை, கையில் பிள்ளைக்கு ஒரு பொம்மைப் பெட்டி. பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். குப்பாயி கொட்டகையில் ரூபி விட்டுப்போன கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ இல்லீங்க. போயிட்டா" என்றான் மாதப்பன்.

"எங்க?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

தெரியாதது நிசம். ஆனால் போனில் ஒன்றைக்கூட மறைக்காத வாய் இப்போது தெரியாது என்றால் எவன் நம்புவான்? மெல்வின் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். அதே காகிதம், அதே எல்லை.

"நாலு வருசம் தெனமும் அவ பேரப் போட்டுத் தேடுனேன். ஒரு நாள் வந்துச்சு. நெட்டு பொய் சொல்லாது. நீங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க." சொல்லிக்கொண்டே நேராகக் கொட்டகைக்குள் போனான். குப்பாயியின் வலது கையைப் பிடித்து, கொதிக்கிற பீப்பாய்மேல் அழுத்தினான். "எங்கன்னு சொல்லும்மா" என்றான், குரலை உயர்த்தாமலேயே.

குப்பாயி அலறினாள், எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். மாதப்பன் விறகுக்கட்டையால் அடித்தான். சத்தம் கேட்டு ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிற அன்பழகன் நாலு பேரோடு ஓடி வந்தான். மெல்வினை இழுத்துப்போய் பஸ் ஏற்றினார்கள். கேஸ் கொடுக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். குப்பாயிதான் வேண்டாம் என்றுவிட்டாள். "கேசுன்னா ரூபியக் கூப்புடுவாங்க. அவ வந்து நிக்கோணும். அவனும் நிப்பான்." அவள் உள்ளங்கைத் தோல் சுருங்கிப்போய் விரல்கள் இன்றைக்கும் முழுசாக விரிவதில்லை.

அதோடு அவன் ஒழிந்தானா என்றால் இல்லை. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான். வீட்டுப் பக்கம் வரமாட்டான். அன்பழகன் டீ கொடுக்கமாட்டான் என்றாலும், ஸ்டாப்பின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து களத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்டாப் எல்லாருக்கும் பொது, எழுந்து போ என்று யார் சொல்வது? சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் வரவில்லை. நிம்மதி என்று மாதப்பன் நினைத்தான். குப்பாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்க வரலீனா வேற எங்க போய் அவளத் தேடறானோ" என்றாள்.

ஆனி மழையில் பெட்டியிலிருந்த துணியெல்லாம் பூசணம் பூத்தது. வெயில் கண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பாயி எல்லாவற்றையும் துவைத்துக் களத்துக் கொடியில் போட்டாள். ரூபியின் நீலப் புடவையும் ஹரிணியின் பாவாடை சட்டையும் அதில் இருந்தன. அன்றைக்கு மெல்வின் வந்திருந்தான். பொழுது சாயும்வரை கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் போனான். மறுவாரமே திரும்ப வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். கொடியில் எதைப் பார்த்து வருகிறான் என்று குப்பாயிக்கு முதலில் புரிந்தது. அப்புறம் அவள் புருஷனுக்கும் புரிந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக் கொடியில் ஒரு நீலப் புடவையும் ஒரு பள்ளிக்கூட உடுப்பும் காய்ந்தன.

ஐப்பசிக் கடைசியில் ரிஸ்வான் போன் செய்தான். "அந்தப் பேரு நேத்தோட முடிஞ்சுதுங்கண்ணா. விட்டறட்டுமா? சனியன் ஒழிஞ்சு போகட்டும்."

"விட்டா என்னாகும்?"

"பேரு அழிஞ்சிரும். கொஞ்ச நாள்ல வேற எவனாச்சும் எடுத்துக்குவான்."

மாதப்பன் அன்றைக்குப் பூராவும் பழம் பறிக்கவில்லை. சாயங்காலம் குப்பாயியிடம் சொன்னான். அவள் இடது கையால் களியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அதுல பேரு இருக்கற வரைக்கும் அவ இங்கதான் இருக்கறாள்னு அவன் நம்புவானுங்களா?"

"அதத்தான் நம்பறான். நெட்டு பொய் சொல்லாதுன்னான்ல?"

"அப்ப இருக்கட்டுமுங்க."

"வருசம் பூராவும் வந்து ஒக்காருவாம் புள்ள. ஒருக்கா கைய வெச்சவன்."

"வரட்டும். இங்க ஒக்காந்திருக்கற நேரம் அவ ஊட்டு வாசல்ல ஒக்காந்திருக்க மாட்டான்ல?"

மறுநாள் மாதப்பன் கடைவீதிக்குப் போனான். ரிஸ்வான் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"புதுப்பிச்சா அந்தத் தேதியும் தெரியுமா தம்பி?"

"தெரியுமுங்க. எது வரைக்கும்னும் தெரியும்."

"ஒரே தாட்டியா எத்தன வருசத்துக்குப் போடலாம்?"

"பத்துக்கு மேல விடமாட்டாங்க."

மாதப்பன் விரல்விட்டு எண்ணினான். ஹரிணிக்கு இப்போது ஒன்பது. "பத்தே போடு. அப்பறம் அது பெரிய மனுசி, அதும் பாட்டப் பாத்துக்கும்."

ரிஸ்வான் தட்டிக்கொண்டே வந்து, போன வருஷம் நிறுத்தின அதே கட்டத்தில் நிறுத்தினான். தயங்கித்தான் கேட்டான். "மறைக்கட்டுங்களாண்ணா?"

"வேண்டாம். பேரு, ஊடு, மரம் எல்லாம் நல்லாத் தெரியறாப்பல இருக்கட்டும்."

அப்பன் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த நாக்கு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொய்ப் பட்டா எழுதச் சொன்னது. வெளியே வந்து மூக்கைச் சிந்திப்போட்டு, எதிர்வரிசையில் பரிதா வைத்திருக்கிற துணிக்கடைக்குள் நுழைந்தான்.

"பள்ளிக்கூட உடுப்பு வேணும் தாயி. பொம்பளப் புள்ளைக்கு."

"யாருக்குங்கண்ணா?" என்றாள் பரிதா. ஊருக்கே தெரிந்த கதைதான், அவளுக்கும் தெரியும்.

"எங்கூட்டுப் புள்ளைக்கு. பழசு அதுக்குப் பத்தாது. ஒரு வருசத்துல வளந்திருக்குமில்ல, ஒரு அளவு பெருசாக் குடு."

பரிதா வேறொன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்பழகன் போன் போட்டு, அவன் வந்துட்டானுங்கண்ணா என்றான். குப்பாயி உடுப்பைக் கொடிக்குக் கொண்டுபோனவள் பாதியில் திரும்பிவந்தாள். புதுத்துணி புதுசாகத் தெரியும் என்றாள். களத்தோர மண்ணில் நாலு புரட்டுப் புரட்டி, முழங்கால் படுகிற இடத்தில் கல்லில் தேய்த்து, பாக்கெட்டில் பேனா மையைக் கொஞ்சம் தடவி, வாளித் தண்ணீரில் அலசி, விரியாத அந்தக் கையால் பிழிந்து, ஸ்டாப்பிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உதறிப் போட்டாள்.